வெர்சாய் போனால் ராணியின் குக்கிராமத்தை விட்டுவிடாதீர்கள்

பாரிஸ் போகிறவர்களில் பலர் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தோடு களைத்துத் திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்தைத் தாண்டி, திரியானோன் என்ற சிறு அரண்மனைகள் இருக்கும் பக்கம், மரி அந்துவானெத் ராணிக்காகக் கட்டிடக் கலைஞர் ரிஷார் மிக் 1780-களில் எழுப்பிய குக்கிராமம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அரண்மனையைவிட அதுதான் அழகு.

முக்கியமான விஷயம்: அந்தப் பகுதி நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதனால் காலையில் அரண்மனை, மதியம் கிராமம். திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட் எடுக்கும்போது திரியானோனும் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனைக்கு மட்டும் எடுத்த டிக்கெட் அங்கே செல்லாது. அரண்மனையிலிருந்து நடக்க அரை மணி நேரமாவது ஆகும். கால்வலிக்காரர்களுக்குக் குட்டி ரயில் உண்டு, கட்டணம் தனி.

ஏரியைச் சுற்றிக் கூரை வேய்ந்த வீடுகள், காய்கறிப் பாத்திகள், ஆடு மாடுகள் நிற்கும் பண்ணை. சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய வீடு மாதிரி தெரியவேண்டும் என்று அன்றைக்கே விரிசல்களைப் பெயிண்டில் வரைந்தார்களாம்! உள்ளே மட்டும் ராஜ அலங்காரம். 2018-இல் புதுப்பித்த ராணி வீட்டின் உட்புறத்தைப் பார்க்க வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கு முன்பதிவு வேண்டும். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.