சுன்ஜாத்தா காப்பியத்தை வாசிப்பதற்கு முன்

மாலிப் பேரரசை 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய சுன்ஜாத்தாவின் காப்பியத்தை வாசிக்க விரும்புவோர், நூலைக் கையிலெடுக்குமுன், ஜெலி எனப்படும் மேற்கு ஆப்பிரிக்கப் பாணர்கள் அதை நிகழ்த்தும் ஒலிப்பதிவு ஒன்றை, மொழி புரியாவிட்டாலும், கால் மணி நேரமாவது கேட்பது மிகவும் நல்லது. ஜெலி ஓர் அடியைச் சொல்லி முடித்ததும் அருகிலிருப்பவர் ‘நாமு’ என்று ஆமோதிப்பார். அந்த ஒரு சொல்தான் கதைக்குத் தாளத்தையும் மூச்சையும் தருகிறது. உரைநடையாக்கத்தில் பெரும்பாலும் முதலில் மறைவது அதுவே என்பதால், அடி அடியாக அச்சிட்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்து வாய்விட்டுப் படியுங்கள்.

இயன்றால், சோசோ மன்னன் சுமாவோரோ தோற்ற கிரினாப் போரை (1235 வாக்கில்) இரு ஜெலிகளின் வடிவங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை வேறுபடுவது பிழையன்று. ஒவ்வொரு ஜெலியும் தம் ஆசான் வழியில் பெற்றதைத் தம் அவைக்கேற்பச் சொல்கிறார்.