பழைய டர்போ காருக்குக் குறைந்த செலவில் இசியு ட்யூனிங்

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று தீர்மானிக்கும் கணினிதான் இசியு; அதன் அட்டவணைகளை, அதாவது மேப்பை, மாற்றுவதே ட்யூனிங். அதற்காக லேப்டாப்பைத் திறக்கும் முன், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டரை எடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ட்யூனிங்குக்கு ஒதுக்கிய பணம் எஞ்சினுக்கே போகட்டும். அடுத்து டர்போவின் காற்று வாயை அடைத்து, இன்டேக் பைப்புக்குள் 1 பார் அழுத்தம் ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள காரில், கசிந்து வெளியேறிய காற்றுக்கும் சேர்த்தே இசியு பெட்ரோல் கொடுக்கும். அந்த ரிச் (பெட்ரோல் கூடிய) மிக்சரைப் பார்த்து மேப்பில் பெட்ரோலைக் குறைத்துவிட்டால், பின்னால் ஹோஸ் மாற்றும் நாளில் எஞ்சின் லீனாக (பெட்ரோல் குறைந்து) ஓடிப் பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும்.

முதல் செலவு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாராக இருக்கட்டும். காரோடு வந்த நேரோபேண்ட், மிக்சர் 14.7-க்கு (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று) இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். முழு பூஸ்டில் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தத்தில்) நமக்கு வேண்டியது 11.5-க்கு அருகே, அங்கே அது குருடு. போஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரோடு வரும் கன்ட்ரோலர் போதும். டர்போவுக்கு முன்னால் பொருத்தாதீர்கள். அங்குள்ள வெப்பமும் அழுத்தமும் சென்சாரைச் சீக்கிரம் கொன்றுவிடும், ரீடிங்கும் பிசகும். டர்போவிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, பைப்பின் மேற்பாதியில், நுனி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பற்றவையுங்கள். பைப்பின் அடியில் வைத்தால், தேங்கும் நீர்த்துளி சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும்.

இனி, எந்த வழி என்பதை உங்கள் காரில் இருக்கும் இசியுதான் தீர்மானிக்கும். மேப்பைத் தாங்கும் 27சி256 போன்ற ஈப்ராம் நினைவகச் சிப் உள்ள பழைய இசியு என்றால், சிப்பைக் கழற்றி ஒரு சாக்கெட் சால்டர் செய்து, இலவசமாகக் கிடைக்கும் ட்யூனர்ப்ரோவில் மேப்பை மாற்றி எழுதலாம். அதற்கு, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லும், அந்த இசியுவுக்கான டெஃபினிஷன் ஃபைல் வேண்டும். அது இல்லாவிட்டால் திரையில் தெரிவது வெறும் எண்கள். ஓபிடி போர்ட் (காரின் டயக்னாஸ்டிக் இணைப்பு) வழியாக ஃப்ளாஷ் செய்யக்கூடிய சுபாரு, மிட்சுபிஷி கார்களில் பலவற்றுக்கு ரோம்ரெய்டர், இசியுஃப்ளாஷ் என்ற இலவச மென்பொருள்களும் ஒரு கேபிளும் போதும். இந்த இரண்டில் ஒன்று உங்கள் காருக்கு அமைந்தால் வேறெதையும் தேடவேண்டாம். ஐட்லும் குளிர்ந்த ஸ்டார்ட்டும் கம்பெனி செய்தபடியே இருக்கும்.

ஏர்ஃப்ளோ சிக்னலை வளைக்கும் பிக்கிபேக் பெட்டிகள் மலிவுதான், ஆனால் பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டு அதைக் கொண்டு சரிக்கட்டுவது ஆபத்து. காற்று குறைவு என்று இசியுவிடம் பொய் சொன்னால், அது பெட்ரோலை மட்டும் குறைக்காது. லோடு குறைவு என்று நம்பி இக்னிஷனையும் அட்வான்ஸ் செய்யும், அதாவது பொறியை முன்கூட்டியே விடும். பூஸ்டில் அந்தக் கூடுதல் அட்வான்ஸ் நேராக நாக்கிங்கில் (மிக்சர் தானாக வெடிப்பதில்) முடியும்.

ரீமேப் வழியே இல்லாத காருக்கு மெகாஸ்குவர்ட் அல்லது ஆர்டுயினோ மெகா 2560 மேல் இயங்கும் ஸ்பீடுயினோ என்ற மாற்று இசியு. பெரும்பாலும் போர்டு பழுதாவதில்லை, வயரிங்தான் காலை வாரும். சென்சார் கிரவுண்டை இசியுவுக்கே கொண்டுவாருங்கள். இசியு கிரவுண்ட் எல்லாம் எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேரட்டும். கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். இன்ஜெக்டரை மல்ட்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: 12 முதல் 16 ஓம் என்றால் நேரடியாக இணைக்கலாம், 2, 3 ஓம் என்றால் ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் இசியுவில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சுற்று கருகும். இன்டேக் அழுத்தத்தை அளக்கும் எம்பிஎக்ஸ்4250 மேப் (எம்ஏபி) சென்சார், வளிமண்டல அழுத்தமும் சேர்த்து 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும், அதாவது ஏறத்தாழ 1.5 பார் பூஸ்ட். காற்று வெப்ப சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடியதும் மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் நிலையாக வைத்து, டைமிங் லைட்டால் புல்லியைப் பாருங்கள். 10 தெரியும்வரை மென்பொருளில் ட்ரிகர் ஆங்கிளை (கிராங்க் சென்சார் சிக்னலுக்கான கோணத்தை) திருத்துங்கள். பிறகு 3,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். குறி நகர்ந்தால், விஆர் (காந்தச் சுருள்) வகை கிராங்க் சென்சாரின் இரு வயர்களும் மாறியிருக்கின்றனவா என்பதுதான் முதல் சந்தேகம். இது சரியாகாமல் ரோட்டில் இறக்கவே கூடாது. திரையில் தெரியும் டைமிங் ஒன்று, பிளக்கில் பொறி பறப்பது வேறொன்று என்றால் மேப் முழுவதும் பொய்.

கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டியபின், ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு தானே செய்யும் க்ளோஸ்டு லூப் திருத்தத்தை அணைத்துவிட்டு, பூஸ்ட் இல்லாத பகுதியின் பெட்ரோல் மேப்பை முடியுங்கள். பூஸ்ட் பகுதியை ரிச்சாகவும் டைமிங்கைத் தாழ்த்தியும் தொடங்கி, வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் தரும் பூஸ்டில் மட்டும் சிறு சிறு ஓட்டமாக லாக் (தரவுப் பதிவு) எடுங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐ (ஏறத்தாழ 0.07 பார்) பூஸ்டுக்கும் டைமிங்கை ஏறத்தாழ 1 டிகிரி குறைப்பது பாதுகாப்பான ஆரம்பம். நாக்கிங் அதிகம் வருவது உச்ச டார்க் பகுதியில்தான். அங்கே பேராசை வேண்டாம். முழு பூஸ்டில் பொறி விட்டுவிட்டு அடித்தால் மேப்பைத் தொடும் முன் பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள்.

லாகில் இன்ஜெக்டர் டியூட்டியை (அது திறந்திருக்கும் நேரத்தின் சதவீதத்தை) மறக்காதீர்கள். 6,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய, அதாவது கிராங்க் இரண்டு முறை சுற்ற, 20 மில்லிவினாடிதான். இன்ஜெக்டர் 17 மில்லிவினாடி திறந்திருந்தால் 85 சதவீதம், அங்கேயே நிறுத்துங்கள். 200 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர் டர்போவுக்கு நிமிடத்துக்கு 400 சிசி அளவு இன்ஜெக்டர் தேவைப்படும். கடைசியாக, வேஸ்ட்கேட் ஹோஸ் கழன்றால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும் என்பதால், எட்டிய உச்ச பூஸ்டுக்கு மேல் 20 கிலோபாஸ்கலில் பூஸ்ட் கட் (எஞ்சினைத் தடுத்து நிறுத்தும் எல்லை) வைத்துவிட்டே லேப்டாப்பை மூடுங்கள்.