கார் கீறலை வீட்டிலேயே போக்குவது எப்படி? நகத்தில் தொடங்கி வேக்ஸ் வரை

பாண்டி பஜாரில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் கதவில் புதிதாக ஒரு கோடு இருக்கும். யாரோ பைக்கை இடுக்கில் நுழைத்து எடுத்திருப்பார்கள். உடனே எல்லோரும் கேட்பது, “எந்த பாலிஷ் போட்டால் போகும்?” என்றுதான். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கீறல் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாலிஷ் தானாகவே முடிவாகிவிடும்.

இன்றைய கார்களில் தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். அந்தக் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியை விட மெல்லியது. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் இரண்டு கரைகளையும் தேய்த்து, பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அது மெலிந்துபோன கார்களைச் சென்னையில் நிறைய பார்த்திருப்பீர்கள்: பானெட்டும் கூரையும் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரிந்து நிற்கும். அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்குங்கள், போதும் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

முதலில் சோதனை

கீறலின் மேல் தண்ணீரைத் தெளியுங்கள். ஈரத்தில் கோடு மறைந்தால் அது கிளியர் கோட்டில் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போய்விடும். நகம் லேசாகத் தட்டுப்பட்டால் கீறல் மங்கும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். நகம் மாட்டி நின்றாலோ, உள்ளே வேறு நிறமோ தகரமோ தெரிந்தாலோ பாலிஷால் பயனில்லை, அதற்குக் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

ஆட்டோ உரசிய இடத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தால் பயப்படாதீர்கள். பல சமயம் அது நம் காரின் கீறலே இல்லை, அந்த ஆட்டோவின் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருப்பது. கொஞ்சம் பாலிஷில் வந்துவிடும்.

கழுவுதல்

இதை அவசரமாக முடித்தால் மற்றதெல்லாம் வீண். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஓடிய வண்டியில் மணல் தூசு படிந்திருக்கும். அதன் மேல் துணியை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். அப்பார்ட்மெண்டுகளில் ஒரே வாளி, ஒரே துணியில் பத்து வண்டி துடைக்கிறார்கள். வெயிலில் வட்டவட்டமாகச் சிலந்தி வலைபோல் தெரியும் கோடுகள் அப்படி வந்தவைதான். வண்டி துடைப்பவரைக் குறை சொல்லாமல், நம் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஷாம்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலசத் தனி வாளி. போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்புக்கறை விடும், உடனே ஒற்றி எடுங்கள். கழுவிய பிறகும் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் கிளே பாரை (பிசைந்த களிமண் போன்ற கட்டி) ஈரத்தோடு நகர்த்தி அந்த அழுக்கை எடுத்துவிடுங்கள்.

எதை வாங்குவது?

சென்னை ஜி.பி. ரோட்டில் உள்ள கார் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் பத்து டப்பாவை எடுத்து வைப்பார்கள். அடிப்படையில் மூன்றே வகை. ரப்பிங் காம்பவுண்ட் அதிகமாகத் தேய்க்கும், நகத்தில் லேசாகத் தட்டும் கீறலுக்கு. பாலிஷ் குறைவாகத் தேய்க்கும், மெல்லிய கோடுகளுக்கும், காம்பவுண்ட் விட்ட மங்கலை எடுப்பதற்கும். வேக்ஸ் தேய்க்கவே தேய்க்காது, காக்க மட்டும். புதிதாகச் செய்பவர் முதலில் பாலிஷும் வேக்ஸும் வாங்கினால் போதும். பாலிஷ் தோற்றால் காம்பவுண்ட் வாங்கிக்கொள்ளலாம்.

டூத்பேஸ்ட் வேண்டாம். அதில் இருக்கும் துகள் பல்லுக்கானது, காருக்கு அளவெடுத்தது அல்ல. தேங்காய் எண்ணெய் கீறலை இரண்டு நாள் மறைக்கும், தூசியையும் சேர்த்துப் பிடிக்கும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் கார் என்றால் எந்தப் பாலிஷும் கூடாது. செராமிக் கோட்டிங் போட்டிருந்தால், தேய்த்த இடத்தில் அதுவும் போய்விடும்.

தேய்க்கும் முறை

காலை 7 மணிக்குள், நிழலில். உள்ளங்கையை வைத்தால் தகடு சுடக்கூடாது, சூட்டில் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைக் கறை தங்கும். முதலில் கண்ணுக்குப் படாத ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால், பழைய கார்களில் இருப்பதுபோல் கிளியர் கோட் இல்லாத பெயிண்டாக இருக்கலாம். அங்கே நீங்கள் எடுப்பது நிறத்தையே, இன்னும் கவனம் தேவை.

ஃபோம் பேடில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பாலிஷ். கீறலையும் சுற்றி ஒரு சாணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மிதமான அழுத்தத்தில், ஒன்றன்மேல் ஒன்று படும்படி இரண்டு மூன்று நிமிடம் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். சுத்தமான துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பாதி குறைந்திருந்தால் இன்னொரு முறை. மூன்று முறைக்குப் பிறகும் மாறவில்லை என்றால் அதே இடத்தில் காம்பவுண்ட் போட்டு, பிறகு மீண்டும் பாலிஷ். பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும், அதனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்த பிறகே முடிவு செய்யுங்கள்.

மிஷின் வேண்டுமென்றால் சுழன்றபடியே அசையும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் மட்டும். சுழல மட்டுமே செய்யும் ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டை ஏற்றிப் பெயிண்டைச் சுட்டுவிடும். எந்த மிஷினானாலும் கதவு விளிம்பிலும் மடிப்புக் கோடுகளிலும் வைக்காதீர்கள், அங்கே பெயிண்ட் மெல்லியது. என் பழைய வண்டியின் கதவு விளிம்பில் நான் அரை நிமிடம் கூடுதலாக வைத்ததில் பிரைமர் தெரிந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்பட்டது.

கடைசியாக மெல்லிய வேக்ஸ் பூச்சு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போடலாம்.

நகம் மாட்டும் கீறலுக்கு

பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, காத்திருக்கலாம். கதவிலோ ஃபெண்டரிலோ தகரம் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் சீக்கிரமே துரு கிளம்பும். காரின் பெயிண்ட் நிற எண் எந்த ஸ்டிக்கரில் இருக்கிறது என்று கையேட்டில் பார்த்து, அந்த எண்ணுக்கான டச்-அப் பெயிண்டை வாங்கி, மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் வையுங்கள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதன் மேல் கிளியர். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தடம் தெரியும், ஆனால் தகரம் மூடியிருக்கும். நீளமான கீறலென்றால் பெயிண்டரிடம் கொடுப்பதே நல்லது. எப்படியானாலும் அக்டோபரில் மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்.