28 கிகாஹெர்ட்ஸில் ரேடியோ சிக்னல் அனுப்பும் சிப்பில் பவரைக் கூட்டுவது எப்படி?

முதலில் ஒரு கணக்கு. சிமாஸ் (சாதாரண சிலிக்கான் சிப்களில் இருக்கும் வகை) டிரான்சிஸ்டர் அதிக வோல்டேஜ் தாங்காது. வெளியீடு 1 வோல்ட் உச்சம் வரை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நேராக 50 ஓம் ஆன்டெனாவுக்குக் கொடுத்தால் வருவது 10 மில்லிவாட்தான். நம் இலக்கான 100 மில்லிவாட் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையருக்கு 5 ஓம் லோடு, அதாவது அது பவர் கொடுக்க வேண்டிய தடை, தெரிய வேண்டும். 50 ஓமை அவ்வளவு கீழே இறக்கினால் இழப்பு கூடும், பேண்ட்வித் (வேலை செய்யும் அலைவரிசை அகலம்) சுருங்கும். ஆகவே சின்ன ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றை வைத்து, அவற்றின் வெளியீடுகளைக் கூட்டுகிறோம்.

அடுத்து, எதை வைத்துக் கூட்டுவது? இரண்டு சிக்னல்களை ஒன்றாக்க 1960-இல் வந்த வில்கின்சன் அமைப்பில் 70.7 ஓம் கால் அலைநீளக் கம்பித்தடங்கள் இரண்டும், நடுவில் 100 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். ஒரு ஆம்ப்ளிஃபையரின் கோளாறு இன்னொன்றைத் தொடாது. ஆனால் சிப்பின் தடங்களைச் சூழ்ந்திருக்கும் சிலிக்கான் டைஆக்சைடுக்குள் கால் அலைநீளம் சுமார் 1.35 மி.மீ. நான்கைக் கூட்ட இரண்டு அடுக்கு வேறு வேண்டும். சிப்பில் அவ்வளவு இடம் கொடுக்க மனசு வராது.

அதனால் டிரான்ஸ்ஃபார்மரை எடுங்கள். 1:1 டிரான்ஸ்ஃபார்மர்கள் நான்கு. ஒவ்வொரு பிரைமரிக்கும் (உள்ளீட்டுச் சுருள்) ஒரு ஆம்ப்ளிஃபையர். செகண்டரிகள் (வெளியீட்டுச் சுருள்கள்) எல்லாம் தொடராக. 1 வோல்ட் நான்கு சேர்ந்து 4 வோல்ட் ஆகிறது. 50 ஓமில் அது 160 மில்லிவாட். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கும் தெரிவது 12.5 ஓம். கூட்டலும் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான தடை) மாற்றமும் ஒரே வேலையாக முடிந்துவிடுவதுதான் இதன் அழகு. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஆக்கி, ஹஜிமிரி குழுவினர் 2002-இல் இதே வழியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2 வாட் எடுத்துக் காட்டினார்கள்.

இப்போது டிரான்ஸ்ஃபார்மரில் வீணாகும் இழப்பைக் கழியுங்கள். 1 டெசிபெல் போனால் 160 என்பது 127 ஆகும். நம் இலக்குக்கு அது போதும். எட்டாக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தெரியும் லோடு 6.25 ஓமாக இறங்குவதால் மின்சாரச் செலவு நான்கு மடங்காகும், ஆனால் கூடும் இழப்பால் பவர் முழுதாக நான்கு மடங்காகாது.

அப்புறம் லேஅவுட். பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இடையே 30 டிகிரி ஃபேஸ் (அலை முன்பின்னாக வருவது) வித்தியாசம் இருந்தால் கூட்டிய பவரில் 7 சதவீதம் போகும். 90 டிகிரி என்றால் பாதி போய்விடும். 28 கிகாஹெர்ட்ஸில் 15 மைக்ரான் நீளமே கிட்டத்தட்ட 1 டிகிரி. உள்ளீட்டைப் பிரிக்கும் தடங்களையும் சமச்சீராக வரையுங்கள்.

கடைசியாக மின்காந்த சிமுலேஷன். சுருள்களுக்கு இடையிலான கப்பாசிட்டன்ஸால் ஆன்டெனா பக்கத்து ஆம்ப்ளிஃபையரும் கிரவுண்ட் பக்கத்து ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு லோடு பார்க்கும். நான்கின் இம்பீடன்ஸையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். விலகியிருந்தால் சுருளின் அகலத்தையும் ட்யூனிங் கப்பாசிட்டரையும் மாற்றுங்கள். இங்கே வில்கின்சனில் இருந்த தனிமைப்படுத்தல் கிடையாது. ஆம்ப்ளிஃபையர்கள் தங்களுக்குள் எதிரெதிராக ஆஸிலேட் ஆகின்றனவா (உள்ளீடு இல்லாமல் தாமாகவே அலையை உண்டாக்குகின்றனவா) என்பதையும் சோதித்த பிறகே சிப்பை ஃபேபுக்கு (சிப் தயாரிக்கும் ஆலை) அனுப்புங்கள்.