குறுஞ்செய்தி வழியே மனச்சோர்வைக் கண்காணிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒரு மாதம் கழித்து டாக்டர் "எப்படி இருந்தீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று நாட்கள்தான் நினைவுக்கு வரும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் குறுஞ்செய்தி. சான் பிரான்சிஸ்கோவில் உளவியலாளர் ஏட்ரியன் அகிலேரா குழுவினர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற ஏழை மக்களிடம், மனநிலைக்கு 1 முதல் 9 வரை ஒரு எண் தரும்படி போனில் கேட்டார்கள். ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை.

நாம் செய்யும் முதல் தவறு, பொத்தாம்பொதுவாக நலம் விசாரிப்பது. "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். நேற்று இரவு தூக்கம் வந்ததா, சாப்பிடப் பிடித்ததா என்று குறிப்பாகக் கேளுங்கள். கேள்வி சுருக்கமாகவும் இருக்கட்டும். தமிழ் எஸ்.எம்.எஸ். ஒன்றில் 70 குறியீடுகள்தான் அடங்கும், 'கி' என்பதே அதில் இரண்டு.

மனச்சோர்வின் அளவை அறிய உதவும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலைத் தினமும் அனுப்புவதும் வீண்வேலை. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் அது கேட்கிறது. அதைவிட ஆபத்தானது, கேள்விக்கு 0 முதல் 3 வரை போட்டு, 27-க்கு எத்தனை என்று கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது. மொத்தம் 7 வந்தால் 'லேசானது' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் உயிரை விடும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 1 வந்திருந்தாலே, அன்றைக்கே அவரிடம் பேச வேண்டும். நேரடியாகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை.

இரவு இரண்டு மணிக்கு வரும் பதிலை யார் படிப்பார்கள்? யாரும் இல்லையென்றால், அதை முதல் நாளே சொல்லி, எந்நேரமும் பேசக்கூடிய, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் கொடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பதில் வராததை 'பிரச்சினை இல்லை' என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. சோர்வு கூடும்போது போனைத் தொடவே கை வராது. நன்றாக இருப்பவர்தான் ஒழுங்காகப் பதில் போடுவார். இரண்டு தடவை பதில் இல்லையென்றால் மூன்றாவது செய்தி அனுப்பாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள்.

வீட்டில் போன் பலர் கைக்குப் போகும். பூட்டிய திரையிலேயே செய்தி தெரிந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். 'மனச்சோர்வு' என்ற சொல் செய்தியில் வரவே வேண்டாம்.

அப்புறம் மாத்திரை. எண்கள் நல்லபடியாக வருகின்றன என்று தாமாக நிறுத்துபவர்கள் உண்டு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரும்படி டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டே.