பால் மங்கு வைத்து ஓவியம் பழகலாம்: இணைய வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் எண்ணெய் ஓவியம் சொல்லித் தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. வேலை முடிந்து ஈப்போவுக்குப் போய்த் திரும்ப நேரமும் இல்லை. அதனால்தான் இணைய வகுப்பில் சேர்ந்தேன். மூன்று ஆண்டாகிறது. இப்போது தோட்டத்துப் பக்கமிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள், "அக்கா, நாங்களும் சேரலாமா? எதிலிருந்து தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரையப் போவது பால் மங்கு, அதாவது ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம்.

முதலில் ஒன்று. பாடம் நடத்துகிறவர் கலிஃபோர்னியாவிலோ லண்டனிலோ இருப்பார். கோடு போடுவதும் நிறம் கலப்பதும் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் அவர் சொல்லும் ஜன்னல் வெளிச்சம், காயும் நாள் கணக்கு, அறையின் காற்று எல்லாம் அவர் வீட்டுக்கு உரியவை. அதை நம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளத் தெரியாமல் முதல் ஆறு மாதம் எனக்கு வீணாகப் போனது. உங்களுக்கு அது வேண்டாம்.

1. வகுப்பைப் பார்த்துச் சேருங்கள்

நேரலை வகுப்பா, பதிவு செய்த பாடமா என்று முதலில் பாருங்கள். கலிஃபோர்னியாவில் மாலை 7 மணி வகுப்பு நமக்கு மறுநாள் காலை 10 மணி. அங்கே குளிர்கால நேரத்துக்கு மாறினால் 11 மணி. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. லண்டனில் மாலை 7 மணி என்றால் நமக்கு விடியற்காலை 2 அல்லது 3 மணி. பதிவு செய்த பாடமும், நாம் அனுப்பும் வேலையைப் பார்த்துத் திருத்திச் சொல்லும் ஆசிரியரும் இருந்தால் போதும். திருத்தம் சொல்ல ஆள் இல்லாத வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வெறும் காணொளி என்றால் இலவசமாகவே நிறைய கிடைக்கிறது.

கட்டணம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு நம் நாட்டில் 2020 முதல் சேவை வரி உண்டு; 6 விழுக்காடாக இருந்தது, 2024 மார்ச்சில் 8 ஆனது. சில தளங்கள் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் அதைச் சேர்த்துக் காட்டும். மலேசிய வெள்ளிக்கு மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

2. சாமான்

ஹெச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஏ3 அளவு கார்ட்ரிட்ஜ் தாள், தாளைப் பிடிக்க ஒரு பலகை, இரண்டு கிளிப், மாவு மாதிரிப் பிசைந்துகொள்ளும் அழிரப்பர். சாயம் இப்போது வாங்க வேண்டாம். பென்சிலைக் கத்தியால் சீவி, கரி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே தெரியும்படி வையுங்கள். சாய்த்துப் பிடித்து அகலமாகத் தீட்ட அதுதான் வசதி.

3. வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எனக்கு மிக அதிகமாக உதவியது இதுதான். ஐரோப்பிய முறைப் பாடங்களில், "வடக்கு ஜன்னல் பக்கம் உட்காருங்கள், வெளிச்சம் மாறாது" என்பார்கள். அவர்களுக்கு அது உண்மை, வெயில் பெரும்பாலும் தெற்கே சாய்ந்தே போகும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அந்த மாதங்களில் காலை வெயிலும் மாலை வெயிலும் வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். பொருளின் நிழல் அரை மணிக்கு ஒருமுறை நகர்ந்துவிடும். நான் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தேன்.

வழி எளிது. ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேல்பக்கத்தையும் முன்பக்கத்தையும் வெட்டிவிடுங்கள். உள்ளே பழுப்பு அல்லது சாம்பல் நிறத் துணி விரியுங்கள். ஜன்னலைத் திரையால் மூடி, ஒரே ஒரு எல்இடி விளக்கை இடது பக்கம் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். வலது கைக்காரர் என்றால் இடது பக்கம். கையின் நிழல் தாளில் விழாது. கூரை விளக்கை அணைத்துவிடுங்கள், அது எரிந்தால் பொருளுக்கு இரண்டு நிழல் வரும். தாளுக்கு மட்டும் பின்னாலிருந்து சிறிய விளக்கு ஒன்று போதும்.

4. முதல் பொருள்: பால் மங்கு

ஆப்பிளும் ஒயின் பாட்டிலும் நமக்கு எதற்கு? எங்கள் பாட்டி பால் வெட்டிய காலத்து மங்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில்கூட, பழைய வீடுகளில் ஒன்றிரண்டு பூச்செடி வைக்கவாவது கிடக்கும். வட்டமான வாய், குழிந்த உள்பக்கம், மினுங்கும் மேற்பரப்பு என்று ஒரு தொடக்கக்காரர் கற்க வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. அடி உருண்டையாக இருந்தால் துணியை வளையமாகச் சுருட்டி அதன்மேல் உட்கார வையுங்கள்.

முதலில் அளவெடுங்கள். பென்சிலைப் பிடித்துக் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, மங்கின் அகலத்தைக் கட்டைவிரலால் குறியுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் அளவு மாறும். அதே அளவை உயரத்தோடு ஒப்பிடுங்கள். உயரத்தைவிட அகலம் ஒன்றரை மடங்கா, ஒன்றே கால் மடங்கா? தாளில் லேசாக ஒரு நடுக்கோடு போட்டு, அந்த விகிதத்தில் மேலே, கீழே, இடம், வலம் நான்கு புள்ளி வையுங்கள்.

பிறகு வாய். வட்டத்தைச் சாய்வாகப் பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரியும். புதிதாக வரைகிறவர் எல்லாரும் செய்கிற தவறு, அதன் இரண்டு ஓரத்தையும் மீன் வாய் போலக் கூராக்குவது. நீள்வட்டத்துக்கு எங்கேயும் முனை கிடையாது. ஓரத்திலும் அது வளைந்தே திரும்பும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைச் சுழற்றி, தாளைத் தொடாமல் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, அதே வேகத்தில் பென்சிலை இறக்குங்கள். மங்கின் விளிம்புக்குத் தடிமன் உண்டு என்பதால் உள்ளே இன்னொரு நீள்வட்டம் வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பக்கவாட்டில் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒடுங்கியும் தெரியும்.

நீள்வட்டம் புரிய, பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் அகலமாகத் திறக்கும். அதனால் டம்ளரின் அடி, வாயைவிட அதிகமாக வளைந்திருக்கும். மேசையில் உட்கார்கிறது என்று அடியை நேர்கோடாகப் போட்டுவிட்டால் டம்ளர் காகிதத்தில் ஒட்டியது போலாகிவிடும். இருபது டம்ளராவது போடுங்கள்.

அடுத்து நிழல். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து, வெளிச்சம் ஒரு திட்டாகவும் நிழல் ஒரு திட்டாகவும் தெரியும். அந்த இரண்டையும் பிரிக்கும் எல்லையை மட்டும் முதலில் வரையுங்கள். நிழல் முழுவதையும் 2பி பென்சிலால் ஒரே அளவாகத் தீட்டுங்கள். அதற்குப் பிறகுதான் உள்வேறுபாடு.

இங்கே மங்கு ஒரு நல்ல பாடம் சொல்லித் தருகிறது. விளக்கு இடது பக்கம் இருந்தால் வெளிப்புறத்தின் இடது பக்கம் வெளிச்சமாக இருக்கும். உள்ளே அப்படியே தலைகீழ்: இடது உள்சுவர் நிழலில் இருக்கும், வலது உள்சுவர்தான் வெளிச்சத்தை வாங்கும். இதைக் கவனிக்காமல் உள்ளேயும் இடது பக்கத்தை வெளிச்சமாக்கினால் மங்கு குழியாமல் முட்டை போலப் புடைத்து நிற்கும். நானே நான்கு முறை முட்டைதான் வரைந்தேன். நிழல் பக்கத்தில் துணியிலிருந்து பட்டுத் திரும்பும் மெல்லிய ஒளியையும் பார்ப்பீர்கள். அதை வெளிச்சப் பகுதியைவிட மங்கலாகவே வையுங்கள்.

5. பழைய படத்தைப் பார்த்து வரைதல்

பல வகுப்புகளில் பார்க் படங்கள் என்று தருவார்கள். சார்ல்ஸ் பார்க் என்ற பிரெஞ்சுக் கலைஞர், ஜெரோம் என்ற ஓவியரோடு சேர்ந்து 1866 முதல் 1871 வரை மாணவர்களுக்காக வெளியிட்ட 197 அச்சுப் படங்கள் அவை. முதல் பகுதி பெரும்பாலும் சிலைகளின் கை, கால், முகம். ஓவியர் வான் கோவும் தொடக்கத்தில் இவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். மூன்று படம் பொறுமையாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஓர் ஆண்டு முழுக்க இதிலேயே நிற்க வேண்டியதில்லை. எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து வரைவதை விடக் கூடாது.

6. எண்ணெய்க்கு வருவோம்

மூன்று நான்கு மாதம் பென்சிலில் போன பிறகு சாயம் வாங்குங்கள். இரண்டே குழாய் போதும்: டைட்டேனியம் வெள்ளை, பர்ன்ட் அம்பர் என்னும் காவிப் பழுப்பு. தட்டை முனைத் தூரிகை மூன்று, ஒரு சிறிய புட்டி லின்சீட் எண்ணெய், அதாவது ஆளி விதை எண்ணெய்.

நம்மைச் சுற்றி எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. செம்பனை எண்ணெயைக் கலந்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தண்ணீர்ச் சாயம் போல எண்ணெய்ச் சாயம் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, உள்ளுக்குள் பின்னிக்கொண்டு கெட்டியான படலமாகிறது. அதற்குத் தேவையான நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதில் மிக அதிகம். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அதைவிட அதிகம். இரண்டும் எத்தனை ஆண்டானாலும் காயாது, படம் பிசுபிசுவென்றே கிடக்கும்.

ஆனால் தூரிகை கழுவச் செம்பனை எண்ணெய் உதவும். தூரிகை கழுவ வழக்கமாகப் பயன்படுத்தும் டர்பென்டைனின் வாடை சின்ன அறையில் தலைவலி தரும். பிள்ளைகள் தூங்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெயில் முக்கி மறுபடி துடையுங்கள். பிறகு நுரை வெள்ளையாக வரும்வரை சோப்பு போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் துளியும் மிஞ்சக் கூடாது.

துணி விஷயத்தில் தயவு செய்து கவனம். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். நான் ஒருநாள் பிளாஸ்டிக் பைக்குள் திணித்துவிட்டேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் நினைத்தால் பதறுகிறது. பலகை வீடு என்றால் சொல்லவே வேண்டாம். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டின்னில் போடுங்கள்.

கேன்வாஸ் விலை கூடுதல் என்றால் ஹார்ட்வேர் கடையில் எம்டிஎஃப் என்னும் மரத்தூள் அழுத்திச் செய்த பலகையைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். சாயம் பிடிக்க அடியில் பூசும் அக்ரிலிக் கெஸ்ஸோவை மூன்று பூச்சு பூசி, இடையில் உப்புத்தாள் தேய்க்கவும். பின்பக்கமும் ஓரங்களும் பூசுங்கள். இதை எந்தக் காணொளியிலும் நான் பார்க்கவில்லை, ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை வளைந்துவிடும்.

இப்போது அதே மங்கு, அதே விளக்கு. அம்பரை மெல்லியதாகப் பூசி, வெளிச்சம் வரும் இடத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். இரண்டு நாளில் காய்ந்துவிடும், அம்பர் விரைவாகக் காயும் நிறம். அதன்மேல் வெள்ளையும் அம்பரும் கலந்து வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஐந்து தொனிகளைத் தட்டில் முன்கூட்டியே குழைத்து வைத்துக்கொண்டு தீட்டுங்கள். ஒரு விதி மட்டும் மறக்க வேண்டாம்: அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் அதிகம். அடிப்படலம் காயும் முன் மேல்படலம் காய்ந்து இறுகினால் பின்னால் வெடிக்கும். வெள்ளை தடிமனாக இருந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இருட்டு அலமாரியில் வைக்காதீர்கள். அங்கே எண்ணெய் மஞ்சளாகும், பூஞ்சையும் பிடிக்கும். வெயில் நேரே படாத வெளிச்சமான அறையில், சுவரில் ஒட்டாமல் சாய்த்து வையுங்கள்.

நேரம் கிடைத்தால் ஒருமுறை கோலாலம்பூரில் 1958இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள். சாயத்தின் தடிமன், தூரிகை போன தடம் எல்லாம் கைப்பேசித் திரையில் தெரியாது.

7. ஆசிரியருக்கு அனுப்புவது

என் முதல் படத்துக்கு வந்த திருத்தம், மங்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. படம் சரியாகத்தான் இருந்தது. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். பலகையைச் சுவரில் நேராக நிறுத்தி, கைப்பேசியை அதே கோணத்தில் பிடித்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மேகம் மூடிய நேரத்தில் கூரை போட்ட தாழ்வாரத்தில் நின்று எடுத்தால் ஈரச் சாயத்தின் பளபளப்பு குறையும். வைத்து வரைந்த பொருளையும் அதே இடத்திலிருந்து படம் எடுத்துக் கூடவே அனுப்புங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் இரண்டு வரி போதும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல், "உள்சுவரின் நிழல் போதுமான இருட்டா?" என்று ஓர் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். பதிலும் அப்படியே குறிப்பாக வரும்.

என் ஆசிரியர் பதிலின் கடைசியில், இது என்ன கிண்ணம், இதுவரை பார்த்ததில்லையே என்று கேட்டிருந்தார். மரத்தில் கோடு வெட்டுவது, பால் வடிவது, பாட்டி விடியுமுன்னே எழுந்து போனது எல்லாம் எழுதி அனுப்பினேன். "அப்படியானால் ஏன் இவ்வளவு சுத்தமாகக் கழுவி வைத்து வரைகிறீர்கள்?" என்று கேட்டு எழுதினார்.

அதனால் நிறத்தோடு செய்யும் உங்கள் முதல் படத்துக்கு மங்கைக் கழுவ வேண்டாம். ஒட்டுப்பால் காய்ந்து ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். அந்தப் பழுப்பு மஞ்சளுக்கு யெல்லோ ஓக்கர் ஒரு குழாய், நிழலைக் குளிர்விக்க அல்ட்ராமரின் நீலம் ஒரு குழாய், கையில் இருக்கும் அம்பரும் வெள்ளையும். விளக்கை இடம் மாற்றாமல் தொடங்குங்கள்.