பாய்மரப் படகுல சபாங் போய் இறங்குறது எப்படி? (முதல் தடவை போறவங்களுக்கு)

நங்கூரம் போட்டாச்சு, டிங்கிய, அதான் குட்டிப் படக, தண்ணில இறக்கி கரைக்குப் போய் ஒரு காபி அடிக்கலாம்னு தோணும். தோணட்டும், ஆனா போகக் கூடாது. அங்கதான் முதல் தடவை வர்றவங்க எல்லாரும் சொதப்புறாங்க, நானும் கிட்டத்தட்ட சொதப்பிருப்பேன், ஸ்கிப்பர் (கேப்டன்) அண்ணன் சட்டைக் காலரப் புடிச்சு இழுத்ததால தப்பிச்சேன். வெளிநாட்டுப் படகு ஒண்ணு இந்தோனேசியாவுக்குள்ள வந்தா ஆபீசருங்க வந்து ஓகே சொல்ற வரைக்கும் படகுதான் உங்க உலகம்.

இங்க நான் சொல்றது சபாங் பத்தி. சுமாத்ராவோட வடக்கு முனைக்கு மேல இருக்குற பூலாவ் வே தீவு, ஆச்சே மாகாணம். லங்காவி, புக்கெட் பக்கம் இருந்து கெளம்புறவங்களுக்கு இந்தோனேசியாவோட முதல் வாசல் மாதிரி. ராஜேந்திர சோழனோட மெய்க்கீர்த்தில "கலாமுதிர்க் கடுந்திறல் இலாமுரி தேசமும்"னு வருதே, அந்த இலாமுரி இந்த ஆச்சே கரைதான், அடுத்தாப்புல வர்ற மாநக்கவாரம் நிக்கோபார். 1025 வாக்குல அவங்க எந்த ஃபார்மும் ஃபில் பண்ணாம வந்துட்டாங்க, நமக்கு அந்த சலுகை இல்ல.

ஸ்டெப் 1: எப்போ கெளம்பணும்

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குக் காத்து, அதுலயும் ஜனவரிக்கு அப்புறம் கெளம்புனா காத்து ஒழுங்கா பின்பக்கவாட்டுல வரும், படகு ஜம்முனு போகும். மே மாசத்துக்கு மேல தென்மேற்கு ஆரம்பிச்சுடும், மூஞ்சில அடிக்கிற காத்துல மூணு நாள் ஆடிக்கிட்டே போகணும். அதோட மலாக்கா பக்கம் ராத்திரில திடீர்னு "சுமாத்ரா"னு சொல்ற புயல்மழை வரிசையா வந்து ஒரு மணி நேரம் புரட்டி எடுத்துட்டுப் போகும். புதுசா போறவங்க அந்த சீசன்ல வேணாம்.

ஸ்டெப் 2: பேப்பர் வேலை (இதுதான் பெரிய வேலை, ரெண்டு வாரம் முன்னாடியே உக்காருங்க)

முன்னாடி எல்லாம் கெய்ட்னு ஒரு பெர்மிட் வாங்கணும், ஏஜென்ட் புடிச்சு, காசு கட்டி, வாரக்கணக்கா காத்திருக்கணும். 2015-ல வந்த ஜனாதிபதி உத்தரவு அத எடுத்துடுச்சு. இப்போ கஸ்டம்ஸோட யாட்டர்ஸ்னு ஒரு வெப்சைட் இருக்கு, அதுல படகு விவரம், எஞ்சின் நம்பர், உள்ள இருக்குற சாமான், ஆளுங்க லிஸ்ட் எல்லாம் ஃபில் பண்ணி, பிரிண்ட் எடுத்து வச்சுக்கணும். எஞ்சின் நம்பர்னா பெரிய எஞ்சின் மட்டும் இல்ல, டிங்கில மாட்டுற அவுட்போர்டு, ஜெனரேட்டர், ரேடார், லைஃப் ராஃப்ட் எல்லாத்தோட சீரியல் நம்பரும் ஒரு தாள்ல எழுதி வச்சுட்டா பின்னாடி டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு எஞ்சினுக்கு அடியில தலைய விட வேண்டியதில்ல.

விசா: மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்னா 30 நாள் சும்மாவே குடுக்குறாங்க, ஆனா நீட்டிக்க முடியாது. இந்திய பாஸ்போர்ட்னா விசா ஆன் அரைவல் உண்டு, 5 லட்சம் ரூப்பியா, 30 நாள், ஒரு தடவை நீட்டிச்சுக்கலாம். ஆனா ஏர்போர்ட்டும் சின்ன துறைமுகமும் ஒண்ணு இல்ல, எல்லா துறைமுகத்துலயும் வந்திறங்கி விசா வாங்குற வசதி இருக்காது. அதனால ஆன்லைன்லயே முன்னாடி எடுத்துடுங்க, உங்க துறைமுகம் அந்த விசாவ ஏத்துக்குமான்னும் பாத்துக்கோங்க. ரெண்டு மூணு தீவு சுத்தணும்னா 30 நாள் கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள போயிடும், 60 நாள் விசிட் விசா பெட்டர்.

கையில இருக்க வேண்டியது: படகு ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் காப்பி, க்ரூ லிஸ்ட், அப்புறம் கடைசியா விட்டு வந்த துறைமுகத்தோட போர்ட் க்ளியரன்ஸ். இந்தக் கடைசி ஒண்ணு இல்லாம யாரும் உங்களத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. லங்காவில இருந்து கெளம்பும்போது மறக்காம வாங்குங்க, அதுல அடுத்த துறைமுகம் சபாங்னு தெளிவா இருக்கணும்.

காப்பி எத்தனைன்னு கேப்பீங்க. நான் அண்ணன்கிட்ட "இன்னும் பத்து செட் எடுத்துக்கலாமாண்ணே"ன்னு கேட்டதுக்கு "மூணு போதும்டா, நாம என்ன கப்பல் கம்பெனியா நடத்துறோம்"னாரு. நாலு ஆபீஸ், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு காப்பி, மூணு எப்படிப் பத்தும். மத்தியானம் ஜெராக்ஸ் கடை தேடிப் போனா ஊரே ஷட்டர் இறக்கிட்டுத் தூங்குது. சபாங்ல அது வழக்கம், பன்னெண்டு மணிவாக்குல கடை சாத்தினா சாயங்காலம்தான் திறப்பாங்க. அதனால க்ரூ லிஸ்ட் மட்டும் பதினஞ்சு காப்பி எடுத்துக்கோங்க, மிச்சம் ஆனா கடுதாசி ராக்கெட் விடுங்க.

இன்னொண்ணு, ரப்பர் ஸ்டாம்ப். படகு பேரு போட்ட ஒரு முத்திரை பண்ணிக்கோங்க, வட்டமா, கொஞ்சம் கெத்தா. கையெழுத்துக்குப் பக்கத்துல முத்திரை விழுந்தாத்தான் இங்க பேப்பருக்கு உயிர் வரும்.

ஸ்டெப் 3: பகல்ல போய்ச் சேரணும், இதுல சமரசமே கெடையாது

லங்காவில இருந்து சபாங் சுமார் 270 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம்னு வச்சா 54 மணி நேரம். லங்காவி நேரம் காலைல 6 மணிக்குக் கெளம்புறீங்கன்னு வைங்க, சபாங் நேரம் ஒரு மணி நேரம் பின்னாடி, அதாவது அங்க 5 மணி. அதோட 54 கூட்டுனா மூணாம் நாள் பகல் 11 மணிக்கு வந்து சேருவீங்க. அருமை. ஆனா காத்து நல்லா வந்து 6 நாட்ல ஓடுச்சுன்னா? 45 மணி நேரம், அதாவது விடியக்காலை 2 மணி, கும்மிருட்டு. வேகமாப் போறது நல்ல விஷயம்னு நெனைப்போம், இங்க அதுதான் வில்லங்கம். ரெண்டாம் நாள் சாயங்காலமே கணக்குப் போட்டு, பாயைச் சுருக்கி வேகத்தக் கொறைங்க, இல்லன்னா கரைல இருந்து தள்ளி ஹீவ் டு பண்ணி (பாயையும் சுக்கானையும் எதிரெதிரா வச்சுப் படகக் கிட்டத்தட்ட நிறுத்தி) விடியுற வரைக்கும் காத்திருங்க. சபாங் அந்த டைம் ஜோனோட மேக்குக் கோடியில இருக்குறதால பொழுது லேட்டாத்தான் விடியும், பிப்ரவரில கிட்டத்தட்ட ஏழு மணி ஆகிடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, மூணு காரணம். ஒண்ணு, தீவுக்கு வடக்கால மலாக்கா ஜலசந்திக்குப் போற வர்ற பெரிய கப்பல் பாதை இருக்கு, கண்டெய்னர் கப்பலும் டேங்கரும் ரயில் பெட்டி மாதிரி வரிசையா வரும். ஏஐஎஸ் (நம்ம படகு எங்க இருக்குன்னு மத்த கப்பலுக்குக் காட்டுற கருவி) எப்பவும் ஆன்ல இருக்கட்டும், பாதைய நேரா குறுக்கால வெட்டிக் கடங்க, சாய்வா இழுத்துக்கிட்டே போகாதீங்க. ரெண்டு, ரும்போன். ஆழ்கடல்ல மீன் கூடுறதுக்காக மீனவங்க மிதக்க விட்டு நங்கூரம் போட்டு வச்சிருக்குற மூங்கில் தெப்பம், பலதுல லைட் கெடையாது, ராடார்லயும் ஒழுங்காத் தெரியாது. மூணு, இந்தோனேசியாவுல பல எடத்துல எலக்ட்ரானிக் சார்ட் (கடல் வரைபடம்) கரையோட பொருந்தாது, படகு காட்டு மேல ஓடுற மாதிரி ஸ்க்ரீன்ல காட்டும். அதனால இங்க சுத்துறவங்க நிறைய பேரு சாட்டிலைட் படத்தையும் ஓபன்சிபிஎன்ங்குற சார்ட் சாஃப்ட்வேர்ல போட்டு வச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் உள்ள போறாங்க. அதையும் மீறி, கண்ணுதான் கடைசி சார்ட்.

தீவை நெருங்கும்போது நீவாடு (கடல் நீரோட்டம்) பலமா இழுக்கும், காத்துக்கு எதிரா ஓடுற எடத்துல தண்ணி கொதிக்கிற மாதிரி குட்டிக் குட்டியா எகிறும். பயப்படாதீங்க, ஆனா எஞ்சின ரெடியா வைங்க.

ஸ்டெப் 4: கொடி

இந்தோனேசியக் கொடி மேல செகப்பு, கீழ வெள்ளை. வலது பக்க ஸ்ப்ரெடருக்கு (பாய்மரத்துல குறுக்கால நீட்டியிருக்குற கம்பு) கீழ கட்டணும். தலைகீழா கட்டுனா போலந்து நாட்டுக்கு வந்த மாதிரி ஆகிடும், சிரிப்புக்குச் சொல்லல, அவசரத்துல நெஜமாவே நடக்குற தப்பு. நைஞ்சு நூல் பிரிஞ்ச கொடி வேணாம், மரியாதை இல்லன்னு எடுத்துப்பாங்க. அதோட சேத்து மஞ்சக் கொடி. அது "இன்னும் க்ளியர் ஆகல, கொஞ்சம் கவனிங்க"ன்னு சொல்றது.

ஸ்டெப் 5: நங்கூரம்

விஎச்எஃப் ரேடியோவுல சானல் 16-ல ஒரு குரல் குடுங்க, படகு பேரு, எங்க இருந்து வர்றோம், எத்தனை பேருன்னு மெதுவா ரெண்டு தடவை சொல்லுங்க. பதில் வரலைன்னாலும் கூப்பிட்டது நல்லது.

சபாங் விரிகுடா அழகான இயற்கைத் துறைமுகம், டச்சுக்காரங்க நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி ஏத்துற எடமா வச்சிருந்தாங்க. பெரிய கப்பலுக்கு ஏத்த எடம்னா நமக்குக் கஷ்டம்னு அர்த்தம், அதாவது ஆழம். 20 மீட்டர்னா நம்ம மீனவங்க கணக்குல 11 பாகம், அதுக்கு அஞ்சு மடங்கு சங்கிலி விடணும்னா 100 மீட்டர் வேணும். நம்ம 38 அடிப் படகுல இருந்தது 60 மீட்டர், மூணு மடங்குதான் வருது. அதனால முதல்ல காலியான மூரிங் (படகக் கட்டுறதுக்குக் கடலடியோட சேத்துக் கட்டி வச்ச மிதவை) இருக்கான்னு பாத்து, இருந்தா கேட்டுட்டுப் புடிங்க, புடிச்ச அப்புறம் ஒருத்தர் கண்ணாடி மாட்டிட்டுக் குதிச்சுக் கயிறு நல்லா இருக்கான்னு பாக்கட்டும். மூரிங் இல்லன்னா சங்கிலிக்குப் பின்னாடி கயிறு சேத்து விடுங்க, பவளப்பார் மேல மட்டும் நங்கூரத்தப் போட்டுடாதீங்க. போட்டதும் எஞ்சின ரிவர்ஸ்ல விட்டு இழுத்துப் பாத்து, கரைல ரெண்டு தென்னமரத்த ஒரே கோட்டுல வச்சு அஞ்சு நிமிஷம் கவனிங்க. கோடு கலையலைன்னா நங்கூரம் புடிச்சிடுச்சு.

ஸ்டெப் 6: நாலு ஆபீஸ்

வரிசை: கரன்டினா, பெயா சுக்காய், இமிக்ராசி, ஷாபந்தர். எடத்துக்கு எடம் கொஞ்சம் மாறலாம், ஆனா சுகாதாரம்தான் முதல்ல.

கரன்டினா ஆளுங்க படகுக்கே வரலாம், இல்ல உங்கள வரச் சொல்லலாம், ஸ்கிப்பர் மட்டும் போனாப் போதும். யாருக்காவது காய்ச்சலா, மருந்துப் பெட்டி எங்க, காலாவதி மாத்திரை இருக்கான்னு பாப்பாங்க. அவங்க குடுக்குற பச்சை கலர் புக்கைப் பத்திரமா வைங்க, அடுத்தடுத்த துறைமுகத்துலயும் கேப்பாங்க.

பெயா சுக்காய்னா கஸ்டம்ஸ். யாட்டர்ஸ் பிரிண்ட்ட குடுத்தா படகைச் சுத்திப் பாத்துட்டு டிக்ளரேஷன் குடுப்பாங்க. படகுல இருக்குற சரக்கு பாட்டில மறைக்காதீங்க, உள்ளத உள்ளபடி எழுதிடுங்க. ஆனா ஞாபகம் வைங்க, இது ஷரியா சட்டம் இருக்குற ஆச்சே, டெக்குல உக்காந்து பியர் குடிக்கிற வேலை வேணாம், பூட்டி வைங்க. போதைப்பொருள்னா இந்த நாட்டுல மரண தண்டனை வரைக்கும் போகும், அத நான் சொல்ல வேண்டியதில்ல.

இமிக்ராசில பாஸ்போர்ட் சீல். ஷாபந்தர்னா துறைமுக அதிகாரி, பாரசீக வார்த்தை, துறைமுகத்தோட ராஜான்னு அர்த்தம், கிளம்பும்போதும் அவர்கிட்டதான் க்ளியரன்ஸ் வாங்கணும்.

ஃபார்ம் இந்தோனேசிய மொழில இருக்குமேன்னு பயப்படாதீங்க. நான் முதல் ஃபார்ம வாங்கிப் பாத்தா முதல் வரியே "நாமா கப்பால்". கப்பல் பேரு! நம்ம வார்த்தைதான், இங்க வந்து குடியேறிடுச்சு. அடுத்த வரி "நக்கோடா", நம்ம நகுதா தான், கேப்டன். "பெண்டேரா"ன்னா கொடி. மூணும் தெரிஞ்சா பாதி ஃபார்ம் முடிஞ்சது.

ஆபீஸ்ல பழகுற விதம் முக்கியம். கைலியும் பனியனுமாப் போகாதீங்க, காலர் வச்ச சட்டை, முழு பேண்ட், பொம்பளைங்கன்னா முழங்கையும் காலும் மறையுற துணி, ஒரு துப்பட்டா கையில. ஆம்பளைய "பாப்பா"ன்னு வாய் தவறிக் கூப்பிட்டுடாதீங்க, "பாக்" இல்லன்னா "பாப்பாக்", பெரியம்மா வயசுன்னா "இபு". "ஸ்லாமாத் பாகி" (காலை வணக்கம்)ன்னு சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாப் போதும், டீ வந்துடும், ஃபோட்டோவும் எடுப்பாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம், யாரும் இருக்க மாட்டாங்க. சனி ஞாயிறு வந்து சேர்ந்தா திங்கள் வரைக்கும் படகுலயே இருக்குற மாதிரி அரிசி பருப்பு வச்சுக்கோங்க. எங்க காசு கேட்டாலும் ரசீது கேளுங்க, கோவப்படாம.

ஸ்டெப் 7: க்ளியர் ஆயாச்சு

மஞ்சக் கொடிய இறக்குங்க. சிம் கார்டுக்கு டெல்கோம்செல், தீவுப் பக்கம் அதுதான் எடுக்கும். டீசல் வேணும்னா "சோலார்"னு கேக்கணும், சூரிய ஒளின்னு நெனச்சு நான் ஒரு பெட்ரோல் பங்க்காரரக் கொழப்பிட்டேன். மானிய விலை டீசல் வெளிநாட்டுப் படகுக்கு இல்ல, மானியம் இல்லாத டெக்ஸ்லைட்டக் கேட்டு வாங்கி ஜெர்ரி கேன்ல டிங்கில ஏத்திக்கலாம்.

மத்தியானத்துல கரைக்குப் போனா மறுபடியும் ஷட்டர்தான். சாயங்காலமாப் போங்க, ஆக்டோபஸ் சாட்டே சுட ஆரம்பிச்சிருப்பாங்க, கூடவே துணி வடிகட்டில தூக்கி ஆத்துன ஒரு சாங்கர் காபி.